மெதுவாக விளைகிற காயாகப் பார்த்து

முள்ளங்கி வேண்டாம் என்று நான் முதல் நாளே சொல்லிவிட்டேன். விதைத்த மாதமே பிடுங்கித் தின்றுவிடலாமாம். அப்படிப்பட்ட காய் எனக்கு எதற்கு? எனக்கு வேண்டியது சோம்பேறிக் காய். விதை போட்டால் யோசித்து யோசித்து முளைத்து, கொடி விட்டு, பூத்து, பிஞ்செல்லாம் உதிர்ந்து, மறுபடியும் பூத்து, அடுத்த குளிர் வருகிறவரை இழுத்தடிக்கிற காய். அதுவரை அதற்குத் தண்ணீர் ஊற்ற வீட்டில் ஒரு ஆள் இருந்தாக வேண்டும். அந்த ஆள் என் தம்பி.

வெளியே கொல்லையில் முழங்கால் அளவுக்குப் பனி கிடந்தது. சமையலறை மேசையில் விதைப் பாக்கெட்டுகளைப் பரப்பிக்கொண்டு நானும் தம்பியும் உட்கார்ந்திருந்தோம். என் கையால் அதுவரை ஒரு செடி வளர்ந்ததில்லை. நான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். மூலைக்கு மூலை சேர்த்து மடிக்கத் தெரியும், மண்ணைப் பற்றி மண்ணும் தெரியாது. தம்பி லிஃப்ட் மெக்கானிக். செடி வாடினால் ஆயில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கக்கூடியவன். ஆனாலும் நான் சொன்னதற்காகப் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துக்கொண்டிருந்தான்.

எதிர் நாற்காலியில் என் வீட்டுக்காரர். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து அவர் குரல் வந்தது.

"மாப்ளே, உங்க அக்காகிட்ட சொல்லு. முள்ளங்கி நல்ல காய். கீரை அதைவிட நல்லது. சீக்கிரம் வரும், சீக்கிரம் போயிடும்."

அந்தப் 'போயிடும்' யாருக்கு என்று எனக்குத் தெரியாதா?

"டேய், உங்க மாமாகிட்ட சொல்லு. கீரை வேணும்னா அவரு கார் டிக்கியில போட்டு வளர்த்துக்கட்டும். இது என் தோட்டம்."

தம்பி பென்சிலை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினான். "மாமா, அக்கா வேண்டாங்குது."

கையை நீட்டினால் அவர் மூக்கைத் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் எங்களுக்குள் நேர்ப்பேச்சு கிடையாது. அது நின்று நான்கைந்து வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனுஷன் எனக்கும் கற்றுக்கொடுக்கிறேன் என்று கூட்டிக்கொண்டு போனார். ஊரார் பெண்களிடம் "மெதுவா, பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று தேன் ஒழுகப் பேசுகிறவர், என்னிடம் முதல் திருப்பத்திலேயே "அறிவு இருக்கா?" என்று கேட்டார். இரண்டாவது திருப்பத்தில் என் அப்பாவை இழுத்தார். மூன்றாவது திருப்பம் வரவில்லை. நடுரோட்டில் காரை அப்படியே நிறுத்திவிட்டு, கதவைத் திறந்துபோட்டபடி நான் வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது, நான் திரும்பிப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் பேசுவேன் என்று நான் இருந்தேன். காரை நடுரோட்டில் விட்டுவிட்டு வந்தவள்தான் கேட்க வேண்டும் என்று அவர் இருந்தார். இருந்துகொண்டே இருக்கிறோம்.

முதலில் மகள் நடுவில் நின்றாள். "அப்பாகிட்ட சொல்லு", "அம்மாகிட்ட கேளு" என்று அவளை வைத்தே குடும்பம் ஓடியது. அவள் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் பாத்திரம்தான் பேசியது. டம்ளரை ஓங்கி வைத்தால் டீ ஆறுகிறது என்று அர்த்தம். அவர் சாவியை மேசையில் எறிந்தால் வெளியே போகிறார் என்று அர்த்தம். அந்த மாதங்களில் வேலை முடிந்து வந்து பூட்டைத் திறக்கும்போது எனக்கு அழுகை வரும். மனுஷக் குரல் கேட்பதற்காக வானிலை அறிக்கையை ரேடியோவில் முழுசாகக் கேட்டிருக்கிறேன். பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்தேன். அப்போதுதான் குளிர் தொடங்கும் சமயத்தில், வேலை போய், பெண்டாட்டியும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட, இரண்டு பெட்டியோடு வாசலில் வந்து நின்றான் தம்பி. ஐயோ பாவம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். உள்ளுக்குள் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அன்றைக்கே வாத்தியார் நிபந்தனை போட்டார். "மாப்ளே, நீ வந்தது சந்தோஷம். உங்க அக்காகிட்ட சொல்லிடு, கொல்லையில பனி இருக்கிற வரைக்கும்தான். பனி போச்சுன்னா நீயும் உன் வழியைப் பார்த்துக்கணும். குளிர்ல ஒருத்தனை வெளிய தள்ளினேன்னு பேர் எனக்கு வேண்டாம்."

அவன் போய்விட்டால் மறுபடியும் பாத்திரமும் சாவியும்தான். அதற்கு நான் தயாராக இல்லை. அதனால்தான் தோட்டம் போடுவது என்று முடிவு செய்தேன். கொல்லையைக் கொத்த வேண்டும், பாத்தி கட்ட வேண்டும், எனக்கோ முதுகு வலி, ஆள் இல்லாமல் முடியாது. இதற்கு எந்த வாத்தியாரும் பதில் சொல்ல முடியாது.

திட்டம் போடுவது பெரிய வேலையாகத்தான் இருந்தது. தம்பி லிஃப்ட் குழி அளக்கிற இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு பனிக்குள் இறங்கினான். வேலியிலிருந்து துணிக்கொடிக் கம்பம் வரை, கம்பத்திலிருந்து சமையலறைப் படி வரை அளந்தோம். பாத்தி வரப்போகிற இடத்துக்கெல்லாம் குச்சி நட்டுச் சணல் கட்டினோம். பனிக்கு நடுவில் சணல் கட்டி நிற்கிற எங்களைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். தக்காளியும் மிளகாயும் வீட்டுக்குள்ளேயே முளைக்கவைத்து, வெயில் வந்த பிறகு வெளியே மாற்ற வேண்டுமாம். அதற்கு முட்டை அட்டைகளைச் சேர்த்து, ஜன்னல் ஓரத்தில் அடுக்கினேன். வாத்தியார் செய்தித்தாள் வைக்கிற இடம் அது. வேண்டுமென்றேதான் அங்கே வைத்தேன்.

காய்களைத் தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரே சட்டம்தான் இருந்தது. பாக்கெட்டின் பின்புறத்தைத் திருப்பி, எத்தனை நாளில் காய்க்கும் என்று பார்ப்பேன். நாள் குறைவாக இருந்தால் தள்ளி வைப்பேன். பூசணி உள்ளே வந்தது. முட்டைக்கோஸ் உள்ளே வந்தது. பூண்டு ஏறக்குறைய ஒரு வருஷம் எடுக்கும் என்று தெரிந்தபோது துள்ளிக் குதித்தேன்.

அதற்கும் வாத்தியார் ஒரு ஆப்பு வைத்திருந்தார். எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"மாப்ளே, பூண்டைப் பனி விழறதுக்கு முன்னாடியே ஊன்றியிருக்கணுமாம். இப்ப பூண்டுன்னு பேசறவங்க அடுத்த வருஷம்தான் பேசணும். உங்க அக்காவுக்கு இது தெரிஞ்சிருக்குமே, பெரிய விவசாயி ஆச்சே."

"டேய், உங்க மாமாகிட்ட சொல்லு. அடுத்த வருஷம்னா அடுத்த வருஷம். நீ அடுத்த வருஷமும் இங்கதான் இருப்பே."

தம்பி இரண்டு பேரையும் பார்த்தான். அழிரப்பரை எடுத்துக் காலண்டர் தாளில் பூண்டை அழித்தான்.

சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிற பெண்ணிடம் இதைப் புலம்பினேன். அவள் வீட்டில் தோட்டம் உண்டு. "மெதுவா வர்றதுதான் வேணும்னா அஸ்பாரகஸ் போடுங்க" என்றாள். "பென்சில் மாதிரி குருத்து வரும். ஆனா மூணு வருஷம் கையே வைக்கக் கூடாது. அப்புறம்தான் வெட்டணும்." மூன்று வருஷம்! அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுக்காததுதான் குறை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றுவதற்கு முன்னாலேயே திட்டத்தில் ஏற்றச் சொன்னேன். வேலி ஓரம் முழுவதும் அஸ்பாரகஸ்.

"மூணு வருஷமாக்கா?" என்றான் தம்பி.

"ஏன், உனக்கு எங்க போகணும்?"

"ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிவிட்டு எழுதினான். அப்போது அவன் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனான். அந்தக் குளிரில், ஸ்வெட்டர்கூட இல்லாமல், கொல்லையில் நின்று பேசிவிட்டு வந்தான். பெண்டாட்டி போலிருக்கிறது, பழையபடி சண்டை என்று நினைத்துக்கொண்டேன்.

செய்தித்தாள் மடங்குகிற சத்தம் கேட்டது. "மாப்ளே, அஸ்பாரகஸ் வெட்டறப்ப உனக்கு முடி நரைச்சிருக்கும். உங்க அக்காவுக்கு அதுல ஒரு திருப்தி."

நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு காலையில் பாத்திரம் கழுவும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால், கொல்லைப் பனியில் குழி குழியாக ஓட்டை. அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக் கொல்லையில் பனி அப்படியே வெள்ளை விரிப்பாகக் கிடக்கிறது, எங்கள் கொல்லையில் மட்டும் இளகி, அங்கங்கே கறுப்பாய் மண் தெரிகிறது. தம்பியின் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஓட்டைக்குள் விரலை விட்டேன். பரல் பரலாக ஏதோ தட்டுப்பட்டது. நாக்கில் வைத்தேன். உப்பு.

வாசல் பாதை வழுக்காமல் இருக்கத் தூவுகிற கல்லுப்பு. வாத்தியாரின் டிரைவிங் ஸ்கூல் கார் நிற்கிற கொட்டகையில் மூட்டையாக இருக்கும். போய்ப் பார்த்தேன். மூட்டை பாதிக்கு மேல் தொய்ந்து கிடந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் உச்சந்தலை கொதித்தது. பனி போனால் அவன் போக வேண்டும், அதனால் பனியை உப்புப் போட்டுக் கரைக்கிறார். எப்பேர்ப்பட்ட மூளை! அன்றைக்கு இஸ்திரிக்காரி சொன்னது வேறு எரிகிற தீயில் எண்ணெயாக விழுந்தது. "ஐயையோ, உப்பு இறங்கின மண்ணுல ஒண்ணும் முளைக்காதே! நல்ல மழை ரெண்டு மூணு வந்து கழுவினாத்தான் உண்டு." ஒரே கல்லில் என் தம்பியையும் என் தோட்டத்தையும் அடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "டேய், உங்க மாமாகிட்ட கேளு, இந்த வயசுல இப்படி ஒரு ஈனத்தனம் பண்ண வெட்கமா இல்லையான்னு கேளு! திருட்டுத்தனமா உப்பைக் கொட்டி, முளைக்காத விதையையே கொன்ன மனுஷன் உலகத்துலயே இவரு ஒருத்தருதான்னு சொல்லு!"

தம்பி முகம் வெளுத்துப்போனது. "அக்கா, விடுக்கா..."

"கேளுடா!"

"மாமா... உப்பு..."

வாத்தியார் தம்பியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னார். "நான் வாசலுக்குத்தான் போடறேன்னு சொல்லு."

"பொய்னு சொல்லு!"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எனக்குச் சாட்சி. மறுநாள் காலை அவர் டீயில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டேன். கொஞ்சமாக இல்லை, தாராளமாக. அவர் ஒரு வாய் குடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. துப்புவார், கத்துவார், டம்ளரை எறிவார் என்று இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தேன். அவர் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு டம்ளரை மெதுவாக வைத்தார்.

"மாப்ளே, டீ நல்லா இருந்துச்சுன்னு சொல்லு."

எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டைக்கு வருகிறவனோடு மோதலாம், இப்படி விழுங்குகிறவனை என்ன செய்வது? உப்பு மூட்டையை இழுத்துக்கொண்டுபோய்த் தம்பி படுக்கிற அறைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அங்கே வந்து வாத்தியார் எடுத்துவிடுவாரா பார்க்கலாம் என்று.

ஆனாலும் பனி போய்க்கொண்டே இருந்தது. குச்சிகள் சாய்ந்தன. சணல் சேற்றில் விழுந்து மக்கியது. துணிக்கொடிக் கம்பத்தைச் சுற்றி மண் வெளுத்துப் பொருக்கு விட்டிருந்தது. வேலி ஓரம் அஸ்பாரகஸ் வரவேண்டிய இடத்தில், இதற்கு மேல் முடியாது என்கிற மாதிரி ஒரு அழுக்குக் குவியல் மட்டும் மிச்சமிருந்தது. வீட்டுக்குள் முட்டை அட்டையில் தக்காளி முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. அதைக் கொண்டுபோய் நடத்தான் மண் இல்லை. வாத்தியார் எதிரில் வந்தால் தோளால் இடித்துக்கொண்டு போனேன். அவர் சட்டைகளை மட்டும் தோய்க்காமல் ஒதுக்கி வைத்தேன். நாள் முழுக்க ஊரார் அழுக்கைத் தொடுகிறவள்தான், அவர் காலரைத் தொட மாட்டேன் என்று இருந்தேன்.

கடைசிக் குவியலும் போன அன்று ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேரும் சமையலறையில் இருந்தோம். தம்பி குளித்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றான். கையில் அவன் வந்தபோது போட்டிருந்த கோட்டு.

"அக்கா, பனி போயிடுச்சுல்ல. மாமா சொன்ன மாதிரி நான் கிளம்பறேன்."

நான் கதவுக்குக் குறுக்கே போய் நின்றேன். "எங்கயும் போக வேண்டாம். உப்பைப் போட்டுக் கரைச்சது கணக்கில்ல. நியாயமா உருகியிருந்தா இன்னும் ஒரு மாசம் இருந்திருக்கும். உங்க மாமாகிட்ட சொல்லு, உப்பைக் கொட்டி ஒரு மனுஷனை வீட்டைவிட்டு விரட்டின பாவம் அவரைச் சும்மா விடாதுன்னு சொல்லு. அவருக்கு யாரும் வேண்டாம், எனக்கும் யாரும் இருக்கக் கூடாது, அதுதானே அவரு ஆசைன்னு கேளு. கேளுடா!"

தம்பி கேட்கவில்லை. கோட்டை நாற்காலியில் போட்டான்.

"அக்கா, உப்புப் போட்டது நான்."

எனக்குப் புரியவில்லை. "என்ன உளர்ற?"

"நான்தான்கா. நீ வேலைக்குப் போனப்புறம் போடுவேன். நீ மூட்டையை என் கட்டிலுக்கு அடியிலயே கொண்டுவந்து வச்சே, அப்புறம் இன்னும் வசதியாப் போச்சு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "எனக்கு வேலை கிடைச்சு ரொம்ப நாளாச்சு. வேற ஊர்ல. பட்டறைக்கு மேலயே ரூம் தர்றாங்க. உன்கிட்ட சொல்லலாம்னு வந்தேன், நீ பூசணி போட்டுட்டு உட்கார்ந்திருந்தே. சரி, அடுத்த வாரம் சொல்லலாம்னு பார்த்தேன், மூணு வருஷக் குருத்தைக் கொண்டுவந்தே. எப்படிச் சொல்றது?"

"வாயைத் திறந்து சொல்றது!"

"சொன்னா அழுவே. ஊரையே கூட்டுவே. பனி போய் நான் போனா மாமாவைத்தானே திட்டுவே? என்னைத் திட்ட மாட்டே." அவன் குரல் இறங்கியது. "அவருக்கு அது பழக்கம்தானேன்னு விட்டுட்டேன்."

என் கை தானாக ஓங்கியது. அடித்திருப்பேன். அவன் விலகவில்லை, அதனாலேயே அடிக்க முடியவில்லை.

"நாலு மாசமாக் கொத்தனார் கையில செங்கல் மாதிரி அங்க இங்க போயிட்டு வந்துட்டிருக்கேன்கா. அக்கா சொல்லுது, மாமா சொல்றாரு, அக்கா கேக்குது, மாமா கேக்கறாரு. பசிக்குதுன்னு சொல்லக்கூட எனக்குன்னு வாய் இல்லாம போச்சு. எங்க வீட்டுச் சண்டையாவது பரவாயில்ல, அவ நேரா என் மூஞ்சியைப் பார்த்துத் திட்டினா. என்னால இங்க முடியலக்கா." அவன் என்னைச் சுற்றிக்கொண்டு கதவைத் தாண்டினான். "பெட்டியை எடுத்துட்டு வர்றேன்."

மாடிப்படியில் அவன் ஏறுகிற சத்தம் கேட்டது. அவமானமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அப்போதுதான் கவனித்தேன், வாத்தியார் அசையவே இல்லை. இப்படி ஒரு செய்தியைக் கேட்டவர் முகத்தில் இருக்க வேண்டிய ஆச்சரியம் அவர் முகத்தில் இல்லை. உப்பு டீயைக் குடித்த அதே முகம்.

"டேய்!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினேன். "உங்க மாமாகிட்ட கேளு, இதெல்லாம் அவருக்கு முன்னாடியே தெரியுமான்னு கேளு!"

மேலே பெட்டியின் ஜிப் இழுபடுகிற சத்தம் மட்டும் வந்தது. யாரும் இறங்கி வரவில்லை.

"தெரியும்" என்றார் அவர்.

அந்தக் குரல் என் மேல் நேராக வந்து விழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"கார் எடுக்க வந்தப்ப ஒரு நாள் பார்த்தேன். கை நிறைய அள்ளி வீசிட்டிருந்தான்." செய்தித்தாளை மடித்து ஓரமாக வைத்தார். "நான் சொல்லியிருந்தா நீ நம்பியிருப்பியா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"மாட்டேன்" என்றேன்.